அறிவியல் நகர் வரை

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்திலே யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்து பார்த்தல் வேண்டும். சந்தையிலும், கோயில் வீதியிலும், சலூன் வாசலிலும் ஒரே பேச்சுத்தான். "பிள்ளைக்கு எத்தினை ஏ?" என்பது முதலாவது வினா. அதற்கு விடை கிடைத்ததும், மூச்சு விடுவதற்கு முன்னரே, இரண்டாவது வினா வந்துவிடும். "அப்ப, இனி எங்க, என்ன படிக்கப் போகுது?" முதலாவது வினாவுக்குப் பிள்ளை விடை சொல்லும். இரண்டாவது வினாவுக்குப் பெரும்பாலும் தந்தையோ, தாயோ, மாமனோதான் விடை சொல்வர். பிள்ளை பக்கத்திலே நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஐந்து வயது தொடக்கம் பதினாறு வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் கல்வி கற்றல் கட்டாயம் என்பது எமது நாட்டின் விதி. 1945ஆம் ஆண்டிலே, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியாற் கிட்டிய இலவசக் கல்வியின் பயனாக, அந்த வயது வரை பாதை ஏறக்குறைய ஒன்றே. மேசனின் மகனும் வைத்தியரின் மகனும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படிக்கின்றனர். பதினாறாவது வயதிலேதான் அப்பாதை பல கிளைகளாகப் பிரிகின்றது. விதி அங்கே பிள்ளையின் கையை விட்டுவிடுகின்றது. அதன் பின்னர் அக்கையைப் பிடித்து அழைத்துச் செல்வோர் பெற்றோரும் எம்போன்ற ஆசிரியருமே. நாம் சரியான இடத்துக்குத்தான் அழைத்துச் செல்கின்றோமா?

இவ்வினா எம்மை ஓரிரவு முழுவதும் உறங்கவிடாது வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் ஒரு மாணவன் பயின்றான். வகுப்பறை மின்விசிறி நின்றுவிட்டால், எவரையும் கேளாமல் மேசைமேல் ஏறி அதனைச் சீர்செய்துவிடுவான். சாதாரண தரத்திலே கணித பாடத்துக்கு 'ஏ' பெற்றான். அந்த ஓர் எழுத்தைப் பார்த்தே, "உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு" என்று நாம் அவன் பெற்றோருக்குச் சொன்னோம். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றினான். மூன்று தடவையும் இடம் கிடைக்கவில்லை. ஆண்டுகள் சென்றன. அண்மையிலே கோயில் வாசலில் அவன் தாயாரைக் கண்டோம். பையன் கொழும்பில் ஒரு கடையிலே கணக்கெழுதுகின்றானாம். அத்தாய் கோபத்தோடு பேசவில்லை. "அவனுக்கு மிசின் எண்டால் உயிர், மாஸ்ரர். நீங்கள்தானே கணிதம் எண்டு சொன்னனீங்கள்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அருச்சனைத் தட்டுடன் உள்ளே சென்றுவிட்டார். நாம் வெளியே நின்றோம்.

ஆழமறியாமற் காலை விடாதே என்பர் எமது முன்னோர். நாமோ எமது காலையன்று, பிறர் பிள்ளையின் காலை விட்டிருந்தோம். ஆதலால் இவ்வாண்டு பெறுபேறுகள் வெளியானதும், தெரிவுப் படிவங்களை நிரப்புவதற்கு முன், சில பிள்ளைகளை நேரே அவ்வவ்விடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டுவதென்று உறுதி கொண்டோம். உரியவர்களுக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்று, வான் ஒன்றையும் ஒழுங்கு செய்தோம்.

எம்முடன் வந்தோர் நால்வர். ஒருவன், மேசன் வேலை செய்யும் ஒருவரின் மகன். ஒன்பது பாடங்களிலும் நல்ல சித்தி பெற்றவன். மகனை எஞ்சினியராக்குவதே தமது பிறவிப்பயன் என்று கூறும் அவன் தந்தையாரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு உடன் வந்தார். மற்றொருவன், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரின் பேரன். கணிதத்திலே வெறும் சாதாரண சித்திதான். "எனக்கு எல்லாக் கதவும் பூட்டியாச்சு, சேர்" என்பது அவன் வாய்ப்பாடு. நான்காமவர் எமது தமையனாரின் மகள். விஞ்ஞானத்திலே கெட்டிக்காரி, அவள் பிறந்த நாள் முதலே வீட்டில் அவளுக்கு 'டொக்டர்' என்று பெயர்.

ஒன்றை இங்கே ஒளியாமற் சொல்லிவிடுதல் வேண்டும். புறப்படும்போதே எமது மனத்திலே ஒரு முடிவு இருந்தது. பழைய தவற்றுக்குப் பரிகாரம் தேடும் எண்ணத்தினால், மேசனின் மகனைக் கைத்தொழிற் பயிற்சிக்கு அனுப்பிவிட வேண்டுமென்றும், அதற்குத் தந்தையாரை இணங்கச் செய்ய வேண்டுமென்றும் எண்ணியிருந்தோம்.

காலையிலே முதற் கண்டது திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டிலே நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த நிலம் இது. 1974ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் இங்கே தொடங்கிற்று, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவர். விஞ்ஞான வகுப்புகள் அந்நாளில் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் கட்டடங்களில் நடைபெற்றன. 1979ஆம் ஆண்டிலே வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

வட்டுக்கோட்டை என்றதும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய செய்தியைச் சொன்னோம். 1823ஆம் ஆண்டிலே அங்கே தொடங்கிய செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். உயர்ந்த பட்டம் பெற அந்நாளிலே கடல் கடக்க வேண்டியிருந்தது. 1942ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் கொழும்புக்கும், 1952 முதல் பேராதனைக்கும் எமது வாலிபர் இரயிலேறினர். இன்று சைக்கிளிலே போய்ப் படித்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பலாம்.

வளாகத்துள்ளே இருக்கும் பரமேஸ்வரன் ஆலயத்திலே வணங்கிவிட்டு, மர நிழலில் அமர்ந்து, அனுமதி முறையைப் பிள்ளைகளுக்கு விளக்கினோம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைப்படி வழங்கப்படுகின்றது. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகின்றது. எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு என்பன அவற்றுள் அடங்கும். 2001ஆம் ஆண்டு முதல் மாணவரின் புள்ளிகள் 'இசட்' புள்ளியாக மாற்றப்பட்டே ஒப்பிடப்படுகின்றன. உயர்தரம் எழுதுவோருட் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகத்திலே இடம் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்காமற் சொன்னோம்.

எமது பெறாமகள் ஒரு நிமிடம் பேசாதிருந்தாள். பின், "சித்தப்பா, மெடிசின் கிடைக்காட்டி என்ன செய்யிறது எண்டு எங்கட வீட்டில ஒருத்தரும் கதைக்கிறேல்லை" என்றாள். "கதைச்சால் அபசகுனம் எண்டு அப்பம்மா சொல்லுவா."

எவ்வளவு உண்மையான சொல்! எமது வீடுகளிலே ஒரு கதவை மட்டும் காட்டிவிட்டு, மற்றக் கதவுகளின் பெயரைச் சொல்வதையே அபசகுனமாகக் கருதுகின்றோம். அந்த ஒரு கதவு திறவாவிட்டால் பிள்ளை இருட்டிலே நிற்கின்றது.

வான் கண்டி வீதியிலே ஏறிற்று. அரியாலை கடந்து நாவற்குழிப் பாலத்தை அடைந்தபோது, வழக்கம்போல் எமது பேச்சு நின்றுவிட்டது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இப்பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். நாம் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சிறுவன். தோளிலே ஒரு பை. அதனுள்ளே இரண்டு சாரமும் கணிதப் புத்தகமும். மழை பெய்தது. கூட்டம் அடிக்கு அடி நகர்ந்தது.

அதன் பின் எமக்கு உயர்தரத்திலே 'தெரிவு' என ஒன்று இருக்கவில்லை. எந்தப் பாடசாலை நடந்ததோ அதுவே எமது பாடசாலை. எந்த ஆசிரியர் வந்தாரோ அவர் பாடமே எமது பாடம். வந்தவர்கள் தமிழும் வரலாறும் படிப்பித்தார்கள். ஆகவே கலைப்பிரிவிற் சேர்ந்தோம், பட்டதாரியானோம், ஆசிரியரானோம். குறையொன்றுமில்லை. ஆயினும் அது நாம் தெரிந்த பாதையன்று. இன்று எம்முடன் வானில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிவு உண்டு. அப்படிப்பட்ட பெருஞ்செல்வத்தை, அயலவர் பேச்சுக்கும் பழைய கனவுக்கும் பயந்து, நாம் பாழாக்கலாமா?

கைதடியைக் கடக்கையிலே, சித்த மருத்துவம் அங்கேதான் கற்பிக்கப்படுகின்றது என்று பெறாமகளுக்குச் சுட்டிக் காட்டினோம். அவள் கொப்பியிலே குறித்துக்கொண்டாள். சாவகச்சேரி, கொடிகாமம், முகமாலை, பளை என ஊர்கள் பின்னே சென்றன. முகமாலைப் பக்கத்திலே போரிலே தலையிழந்த பனைகளின் நடுவே புதிய தென்னங்கன்றுகள் நிற்கின்றன. ஆனையிறவிலே காற்று உப்பைச் சுமந்து வந்து முகத்தில் அறைந்தது.

பரந்தன் சந்தியிலே தேநீர் அருந்த நிறுத்தினோம். மேசனார் வீதியோரம் நின்று, "ஒரு காலத்தில இஞ்ச கெமிக்கல் பக்ரறி, அங்க காங்கேசன்துறையில சீமெந்துப் பக்ரறி. கைத்தொழில் தெரிஞ்சவனுக்கு மரியாதை இருந்தது" என்றார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டிலே உற்பத்தியைத் தொடங்கி 1990ஆம் ஆண்டிலே போரினால் மூடப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டதும் கைத்தொழிலின் மதிப்பும் எமது ஊர்களிலே மங்கிவிட்டது. கதிரையில் இருந்து செய்யும் உத்தியோகமே உத்தியோகம் என்ற எண்ணம் பழையதாயினும், போருக்குப் பின் இன்னும் ஆழமாக வேரூன்றிவிட்டது.

கிளிநொச்சி நகரைத் தாண்டிச் சிறிது தூரம் தெற்கே சென்றால் வருவது அறிவியல் நகர். பெயருக்கேற்ற இடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும், பொறியியற் பீடமும், தொழினுட்ப பீடமும் இங்கே உள்ளன. விவசாய பீடம் 1990ஆம் ஆண்டிலே கிளிநொச்சியில் தொடங்கப்பட்டு, போரினால் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் திருநெல்வேலியில் தங்கியிருந்து, மீண்டும் தன் மண்ணுக்கு வந்தது. எம்மைப்போல அதுவும் ஓர் அகதியாய் இருந்ததுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். அதே அறிவியல் நகரிலே, ஜேர்மன் அரசின் உதவியுடன் 2016ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றது. மக்கள் அதனை 'ஜேர்மன் ரெக்' என்றே அழைக்கின்றனர்.

முதலிலே பயிற்சி நிறுவகத்துக்குச் சென்றோம். எமது உள்நோக்கம் அதுவாயிற்றே! மோட்டார்ப் பட்டறையினுள் நுழைந்தபோது, எண்ணெயும் இரும்பும் கலந்த மணம் வீசிற்று. நீலநிற மேலாடை அணிந்த வாலிபர் ஓர் என்ஜினைக் கழற்றி, அதன் உறுப்புகளை ஒழுங்காக மேசையிலே அடுக்கியிருந்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி நின்றனர்.

மேசனின் மகன் மரியாதையுடன் பார்த்தான். ஆனால் கண்ணிலே ஒளியில்லை. எழுதுவினைஞரின் பேரனோ எம்மை விட்டு எப்போது நகர்ந்தான் என்றே தெரியவில்லை. மேசையருகே குனிந்து, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டுக்கொண்டிருந்தான். பயிற்றுநர் ஓர் உறுப்பைக் கையிற் கொடுத்து, அது எங்கே பொருந்தும் என்று கேட்டார். பையன் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியான இடத்தில் வைத்தான். பதினொரு ஆண்டு வகுப்பறையில் அவன் முகத்திலே நாம் காணாத மலர்ச்சியை அன்று கண்டோம்.

அவனை அழைத்துப் பாதைகளை விளக்கினோம். தேசிய தொழிற் தகைமை என்பது ஏழு படிகள் கொண்ட ஏணி. முதல் நான்கு படிகள் சான்றிதழ்கள்; ஐந்தாம் ஆறாம் படிகள் டிப்ளோமா; ஏழாம் படி பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்டு இரத்மலானையில் இயங்கும் தொழினுட்பவியற் பல்கலைக்கழகம், இவ்வேணி வழியே ஏறி வருவோருக்கென்றே ஏற்பட்டது. "பட்டறைக்குப் போனால் படிப்பு முடிந்தது என்பது பிழை, தம்பி. இங்கே இருந்தும் பட்டம் வரை படிகள் உண்டு" என்றோம். "அப்ப ஒரு கதவும் பூட்டேல்லை, சேர்" என்றான் அவன்.

அடுத்து, கட்டட நிருமாணப் பகுதி. அங்கே நாம் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மாணவர் சிலர் தூக்குநூல் பிடித்துச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தனர். மேசனார் சற்றே பார்த்தார். பின் தம்மை மறந்தவராய் முன்னே சென்று, "தம்பி, நூலைக் காத்து ஆட்டுது, கொஞ்சம் பொறுத்துப் பார்" என்றார். பயிற்றுநர் சிரித்துக்கொண்டே, எத்தனை ஆண்டாகத் தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"முப்பது வருசம். இந்தப் பிள்ளைகள் இஞ்ச படிக்கிறதைத்தான் நான் செய்யிறன். எனக்கு ஒருத்தரும் ஒரு துண்டுக் கடுதாசியும் தரேல்லை" என்றார் மேசனார்.

பயிற்றுநர் அவரை அமரச் செய்து விளக்கினார். பல்லாண்டு அனுபவமுள்ள ஒரு தொழிலாளி, வகுப்பிலே வந்து படியாமலே, தம் கைத்திறனை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். முன்னரே கற்றதை அங்கீகரித்தல் என்பது அம்முறையின் பெயர். மேசனார் நம்பாதவர்போல இரண்டு முறை திருப்பிக் கேட்டார். பின் தம் உள்ளங்கைகளைப் பார்த்தார். சீமெந்து தின்ற கைகள்.

இனித் தந்தையாரை இணங்கச் செய்வது எளிது என்று நாம் மனத்துள் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை.

பொறியியற் பீடத்திலே ஓர் ஆய்வுகூடத்தைக் காட்டினார்கள். கொங்கிறீற்றுக் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, அவை எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளக்கின்றனர். கட்டியை வார்த்து இருபத்தெட்டாம் நாளிலே சோதிப்பது வழக்கம் என்று மாணவர் ஒருவர் சொன்னார். மேசனின் மகன் முன்னே வந்துவிட்டான். ஏன் இருபத்தெட்டு நாள்? பத்தாம் நாளிலே நசுக்கினால் என்ன? தண்ணீர் கூடினால் வலு ஏன் குறைகின்றது? வினாக்கள் நிற்கவில்லை. சீமெந்து காய்வதனால் இறுகுவதில்லை, தண்ணீருடன் இரசாயன முறையிற் சேர்ந்தே இறுகுகின்றது. அதனாலேதான் ஈரம் காத்தல் வேண்டும். வலுவின் பெரும்பகுதி அந்த இருபத்தெட்டு நாளுக்குள்ளே வந்துவிடுகின்றது என அம்மாணவர் கரும்பலகையிலே வளைகோடு வரைந்து காட்டினார்.

பையன் தந்தையை நோக்கித் திரும்பினான். "அப்பா, நீங்கள் சாக்குப் போட்டுத் தண்ணி விடச் சொல்லுறது இதுக்குத்தான்!"

"அது எனக்குக் கைக்குத் தெரியும். ஏன் எண்டு தெரியாது" என்றார் தந்தை.

வெளியே வந்ததும் பையனைத் தனியே அழைத்து, மனத்தைத் திறந்து சொல்லுமாறு கேட்டோம். தந்தைக்காக அஞ்ச வேண்டாம் என்றும் சொன்னோம். அவன் எம்மைக் கூர்ந்து பார்த்தான். "சேர், என்னை அந்தப் பட்டறையில விட நினைச்சுத்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? அது நல்ல இடம். ஆனால் எனக்கு ஏன் எண்டு தெரிய வேணும். நான் கணிதப் பிரிவுதான் எடுக்கப் போறன். அப்பாவுக்காக இல்லை" என்றான்.

எமக்கு நாணமாயிருந்தது. முன்னொரு மாணவனை ஓர் எழுத்தைப் பார்த்துக் கணிதத்துக்கு அனுப்பினோம். இவனையோ தந்தையின் தொழிலைப் பார்த்துப் பட்டறைக்கு அனுப்ப எண்ணினோம். இருவரிடமும் நாம் கேட்கத் தவறியது ஒன்றே, அவர்கள் மனம். மேசன் மகன் என்றால் மேசன் வழிதான் என்று எண்ணுவதற்கு, கற்றறிந்த ஆசிரியர் எதற்கு? அந்தப் பிழையைச் செய்வதற்கு ஊர்ப் பேச்சே போதுமே!

மாலையில் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கச் சென்றோம். கண்டி வீதியாற் செல்லும் எந்த வாகனமும் அங்கே நில்லாமற் போவதில்லை. கற்பூரம் ஏற்றிவிட்டு, கச்சான் வாங்கி, எல்லோரும் மரத்தடியிலே இருந்து உடைத்துத் தின்றோம். பெறாமகள் தன் கொப்பியை விரித்து வாசித்தாள். உயிரியற் பிரிவு எடுத்தால் மருத்துவம். அல்லது விவசாயம், சித்த மருத்துவம், விஞ்ஞானம். பேராதனையிலே மிருக வைத்தியம். "எனக்கு இப்பவும் டொக்டராக வரத்தான் விருப்பம், சித்தப்பா. ஆனால் இப்ப பயமில்லை" என்றாள். இரணைமடுவின் நீர் பாயும் வயல்களின் நடுவே நெல்லைப் பற்றிப் படிப்பதும் தாழ்ந்த படிப்பன்று என்று, கச்சான் கோதை ஊதியபடியே, அவள் மெல்லக் கூறிக்கொண்டாள்.

மேசனார் மகனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எம்மிடம் மட்டும், "மாஸ்ரர், அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுத வேணும், ஒருநாள் வரட்டே?" என்று கேட்டார். மகன் அதைக் கேட்டுவிட்டு, "நான் எழுதித் தாறன், அப்பா" என்றான்.

எழுதுவினைஞரின் வீட்டுக்கு மறுநாள் நாமே சென்றோம். பெரியவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நாற்பது ஆண்டு அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்; சுவரிலே நியமனக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்திலே மாட்டி வைத்திருக்கின்றார். பேரன் நிறுவகத்துக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றான் என்று சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், "எங்கட குடும்பத்தில ஒருத்தரும் கையில எண்ணெய் பூசேல்லை" என்றார். ஏழு படிகளைப் பற்றிச் சொன்னோம், கேட்டார். பட்டம் வரை செல்லலாம் என்றோம், தலையசைத்தார், முகம் இளகவில்லை. ஈற்றிலே, அவன் அந்த உறுப்பைச் சரியான இடத்திலே வைத்ததையும் அப்போது அவன் முகம் இருந்த விதத்தையும் சொன்னோம். பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "சிரிச்சவனோ?" என்று கேட்டார். "சிரித்தான்" என்றோம். "இந்த ரெண்டு வருசமாய் அவன் வீட்டில சிரிக்கேல்லை, மாஸ்ரர்." சற்றுப் பொறுத்து, "அந்த இடத்தை நானும் ஒருக்காப் பார்க்கலாமோ?" என்றார்.

அடுத்த கிழமை அவரையும் அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கின்றோம். அவர் சம்மதிப்பாரா என்பது தெரியாது. பார்க்க வருகிறேன் என்றாரே, அதுவே எமக்குப் போதும்.

இதனை வாசிக்கும் பெற்றோருக்கு நாம் விண்ணப்பிப்பது இவ்வளவே. உங்கள் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளை மட்டும் பார்த்துப் பாதையை வகுக்காதீர்கள். உயர்தரத்திலே கலை, வர்த்தகம், கணிதம், உயிரியல் என்பனவற்றோடு, 2013ஆம் ஆண்டு முதல் தொழினுட்பப் பிரிவும் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. பயிற்சி நிறுவகங்கள் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைக் கற்கைநெறி வழியாக நுழையக்கூடிய திறந்த பல்கலைக்கழகம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் அதற்கு ஒரு நிலையம் இருக்கின்றது. அவற்றுள் இரண்டு மூன்றையாவது பிள்ளையுடன் சென்று பாருங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறீர்கள்? இதை முடித்துப் போனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இது பிடிக்காவிட்டால் இங்கிருந்து வேறு எங்கே போகலாம்? பிறகு உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெரியோர் கேட்கும்போது நிலத்தைப் பார்த்து நில்லாதீர்கள். மேசனின் மகனைப்போல நிமிர்ந்து நின்று, காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாவிட்டால், இன்னும் பார்க்க வேண்டியது உண்டு என்று அறிந்துகொள்ளுங்கள்.

அன்றிரவு திரும்பும்போது நாவற்குழிப் பாலத்தை மீண்டும் கடந்தோம். பிள்ளைகள் மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தனர். மேசனார் மட்டும் விழித்திருந்து, வெளியே இருளைப் பார்த்தபடி இருந்தார். பாலத்தின் மேல் வான் ஏறியதும், "இந்தப் பாலத்தில அண்டைக்கு எங்க போறம் எண்டு தெரியாமல் நடந்தம், மாஸ்ரர்" என்றார். உறங்கும் மகனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவனுக்குத் தெரியுது" என்றார்.